சத்தம் போடாத குட்டி

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், மீன்தொட்டியும் கிளிக்கூண்டும் வாசலை அடைத்துக்கொண்டிருந்த கடைக்குள், நாய்க்குட்டிகளின் கூண்டு முன்னால் குந்தி உட்கார்ந்து சின்னராசு தன் போனில் செண்டை மேளத்தைப் போட்டான். முழுச் சத்தத்தில். கடையிலிருந்த லவ் பேர்ட்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் கம்பியில் போய் மோதின. கூண்டுக்குள் ஐந்து லேப்ரடார் குட்டிகள். ஒன்று, குரைப்பதாக நினைத்துக்கொண்டு கீச்சிட்டது. இரண்டு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூலைக்கு ஓடின. இன்னொன்று தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து அந்தத் தண்ணீரிலேயே வழுக்கி விழுந்தது. ஐந்தாவது மட்டும் கிழிந்த கோணிமேல் முகவாயை வைத்துப் படுத்தபடி, கண்ணை ஒருமுறை திறந்து இவனைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அது போதாதென்று இவன் கம்பிக்கு நடுவே கையை விட்டு, அதன் காதோரம் சொடக்குப் போட்டுப் பார்த்தான். காதைக்கூட அசைக்கவில்லை.

"இதான்," என்று எழுந்தான். "இத குடுங்க."

நாய் வாங்கப் போகிறவன் துள்ளுகிற குட்டியைத்தான் தேடுவான். சின்னராசு போனது சீர் வாங்க. ஞாயிற்றுக்கிழமை அவன் அக்கா எல்லம்மாளின் மகள் சிநேகாவுக்குப் புதுப்பட்டினத்து மண்டபத்தில் மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் இவனுடையது. மெயின் ரோட்டிலிருந்து மண்டபம் வரைக்கும் செண்டை மேளமும் வாணவெடியும் போகும், தலைக்கு மேலே ட்ரோன் பறக்கும், பெண்கள் வரிசையாகத் தாம்பாளம் ஏந்தி வருவார்கள். எல்லோருக்கும் முன்னால் இவன் மனைவி வேண்டா, ரிப்பன் கட்டிய மூங்கில் கூடையில் நாய்க்குட்டியை ஏந்தி வருவாள். கூடையை விட்டு அது குதித்துவிடக் கூடாது, வெடிச் சத்தத்தில் மிரண்டு கூட்டத்தில் ஓடிவிடக் கூடாது, வேண்டாவின் பட்டுப்புடவையைப் பிறாண்டக் கூடாது. சின்னராசு முட்டுக்காட்டில் படகு ஓட்டுகிறவன். படகில் ஏறினால் எழுந்து நின்று செல்ஃபி எடுக்கிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. அசையாமல் உட்காருகிறவர்களே நல்லவர்கள் என்று வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகிய கண் அது. அந்தக் கண்தான் குட்டியையும் தேர்ந்தெடுத்தது.

இவ்வளவு முஸ்தீபுக்கும் காரணம் இல்லாமல் இல்லை. சிநேகாவுக்குக் காது குத்தியபோது இவனுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை, நிரந்தரமான வேலையும் கிடையாது. ஒரு கவுனும், தாம்பாளத்தில் கொஞ்சம் பழமும், தோடுமாகப் பைக்கில் வந்து இறங்கினான். "தாய்மாமன் பைக்குல வந்தாரு, பைக்குலயே போயிட்டாரு" என்று அக்காவின் நாத்தனார்கள் இருவரும் அதற்கப்புறம் எத்தனை விசேஷத்தில் சொல்லிச் சிரித்தார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. இவனுக்கு உறைத்ததைவிட அக்காவுக்குத்தான் அதிகம் உறைத்தது. புகுந்த வீட்டில் ஒரு பெண் நிமிர்ந்து நடப்பதும் குனிந்து நடப்பதும் அண்ணன் தம்பி கொண்டுவரும் தாம்பாளத்தில் இருக்கிறது என்று நம்புகிற குடும்பம் அது. எல்லம்மாள் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காததுதான் அவனை அரித்தது. இந்தமுறை விடக் கூடாது என்று இருந்தபோது, போனில் சிநேகா, மாமா எனக்கு நகையெல்லாம் வேணாம், ஒரு நாய்க்குட்டி வாங்கிக் குடு என்றாள். வீடியோ எடுக்கும் ஹேமந்திடம் சொன்னதும் அவன் துள்ளிவிட்டான். கூடையில் குட்டி, மேலே ட்ரோன், ஸ்லோமோஷன், மற்றதெல்லாம் தானாக வைரலாகும் என்றான்.

ஆகவே ரிப்பன் என்ன நிறம் என்பது யோசிக்கப்பட்டது. கூடைக்கு அடியில் போட வெல்வெட் துணி வாங்கப்பட்டது. குட்டியின் கழுத்துக்குச் சின்ன மல்லிச்சரம் கட்டச் சொல்லிப் பூக்காரம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. அந்தக் குட்டி ஞாயிற்றுக்கிழமை சாயந்திரத்துக்கு மேல் எங்கே படுக்கும், என்ன தின்னும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய ஒன்று என்றே யாருக்கும் தோன்றவில்லை.

கடையில் வேலை செய்யும் பெண் ஹெலன்தான் முதலில் கேட்டாள், எங்கே வைத்து வளர்க்கப் போகிறீர்கள் என்று. சீருக்கு என்று இவன் சொன்னதும் அவள் கையிலிருந்த துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு இவனைப் பார்த்தாள்.

"சீருக்குன்னா குடம் வாங்குங்கண்ணா, குத்துவிளக்கு வாங்குங்க. இது கக்கா போவும்."

அதெல்லாம் அக்கா வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று இவன் சிரித்தான். அவள் குரலைத் தணித்து, துள்ளுகிறதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அதற்குள் கல்லாவிலிருந்த முதலாளி ஆனந்தன் தலையைத் தூக்கி, கிளிக்குத் தண்ணி வைம்மா என்று அவளை அந்தப்பக்கம் அனுப்பிவிட்டார். பிறகு இவன் பக்கம் திரும்பி, நாற்பத்தைந்து நாள் குட்டி, ஊசி போட்டாச்சு, பூச்சி மருந்து கொடுத்தாச்சு, அது பிறவியிலேயே சாது என்றார். சாது என்ற சொல் சின்னராசுவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதன் தாய் எங்கே இருக்கிறது, எந்த ஊரிலிருந்து வந்தது, ஊசி போட்ட டாக்டர் யார் என்று அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மிக்சி வாங்கப் போனால் நாலு கடை ஏறி இறங்கி, உள்ளே பிளேடைத் திருகிப் பார்த்து, வாரன்டி கேட்டு வாங்குகிற ஆள்தான் அவன்.

திருக்கழுக்குன்றம் ரோட்டில் பைக்கை ஓட்டிக்கொண்டு மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கமிருக்கும் தன் வீட்டுக்கு வந்துசேரும்வரை, முன்னால் டேங்க்மேல் வைத்திருந்த கூடையில் அது அசையவே இல்லை. வேண்டா கடற்கரை ரோட்டு ரிசார்ட் ஒன்றில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்கிறவள். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். கூடைக்குள் எட்டிப் பார்த்து, அழகாத்தான் கீது என்றாள். பாலைக் காய்ச்சி ஆற்றி, பிஸ்கட்டை நுணுக்கிப் போட்டு வைத்தாள். குட்டி மூக்கைக் கிண்ணத்தருகே கொண்டுபோனது, அப்படியே நின்றது, திரும்ப வந்து படுத்துக்கொண்டது. வண்டியில் வந்த களைப்பு என்றான் சின்னராசு. அது தூங்குகிற அழகைப் பல கோணத்தில் படம் எடுத்தான். ஞாயிறுவரை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று ஹேமந்த் படித்துப்படித்துச் சொல்லியிருந்தான். மனசு கேட்டால்தானே. அனுப்பிவிட்டான்.

அனுப்பியதும் சிநேகாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. சிரிப்புதான் பாதி இருந்தது. குட்டிக்குக் குல்ஃபி என்று பேர் வைத்தாயிற்றாம். கொஞ்ச நேரம் கழித்து எல்லம்மாள் கூப்பிட்டாள். சமையல்கட்டில் ஒதுங்கி நின்று பேசுகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. பெரிய நாத்தனார் போட்டோவைப் பார்த்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை, சின்னவள் ஜாதி நாயா என்று மட்டும் கேட்டாள் என்று சொன்னாள். பிறகு, "நல்லா இருடா" என்றாள். தம்பியை அவள் அப்படி வாழ்த்தி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அன்று சின்னராசு சந்தோஷமாகத் தூங்கினான்.

சனிக்கிழமை விடிந்து எழுந்தபோது வீட்டில் ஒரு நாற்றம். வேண்டா ஈரத்துணியோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். வெல்வெட் துணி முழுக்க வாந்தி. தரையில் தண்ணீராகப் போயிருந்ததில் ரத்தம் கலந்திருந்தது. குட்டி அவள் மடியில் கிடந்தது. கிடந்தது என்றால் நிஜமாகவே கிடந்தது, தூக்கிய பக்கம் தலை சாய்ந்தது.

"இது சாது இல்ல, நோவு," என்றாள் வேண்டா. "கெளம்பு."

மாமல்லபுரத்தில் கால்நடை டாக்டர் ஷஃபானா தனியாக கிளினிக் வைத்திருந்தார். குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், குச்சியில் பஞ்சைச் சுற்றி எடுத்து ஏதோ சோதனை செய்தார். பார்வோ என்றார். குட்டிகளின் குடலை அரிக்கும் வைரஸ், மருந்தென்று நேராக எதுவும் கிடையாது, ட்ரிப்ஸ் ஏற்றித் தாங்கிப் பிடிக்க வேண்டியதுதான், பிழைக்கலாம், போகவும் போகலாம் என்றார். வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. பாலும் பிஸ்கட்டும் வைத்ததை வேண்டா சொன்னபோது டாக்டர் பெருமூச்சு விட்டார், திட்டவில்லை. தாய் நாயைப் பார்த்தீர்களா என்று கேட்டார். இந்தப் பல்லைப் பார்த்தால் நாற்பத்தைந்து நாள் என்று தோன்றவில்லை, தாய்ப்பாலை மறப்பதற்கு முன்பே பிரித்திருப்பார்கள் என்றார். பிறகு, யார் வளர்ப்பதற்காக வாங்கியது என்று கேட்டார். சின்னராசு சொன்னான். அக்கா வீடு வாடகை வீடுதானே, வீட்டுக்காரர் நாய்க்கு ஒத்துக்கொள்வாரா? தெரியாது. மாடியா, கீழா? மாடி. பகலில் யார் இருப்பார்கள்? அக்கா வேலைக்குப் போகிறாள், மாமா கல்பாக்கம் கேன்டீனில், பாப்பா ஸ்கூலில். உங்கள் அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்கினீர்களா? சின்னராசு மேஜைமேலிருந்த குட்டியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் காலில் மயிரை மழித்து ஊசி குத்திப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. அந்தச் சின்னக் காலுக்கு அந்தப் பிளாஸ்திரியே பாரம்.

அப்போது அவன் ஒன்று கேட்டான். இன்றைக்கு நினைத்தாலும் அவனுக்கு உடம்பு கூசும்.

"நாளைக்குக் காலைல ஒரு ரெண்டு மணி நேரம், கூடையில உக்காருமா டாக்டர்?"

"உக்காரும்," என்றார் ஷஃபானா. "அப்புறம் எழுந்திருக்காது."

ட்ரிப்ஸ் முடிந்து வெளியே வந்ததும் கடைக்குப் போன் போட்டான். சண்டை போடத்தான் போட்டான், ஆனால் ஆனந்தன் சண்டைக்கே இடம் கொடுக்கவில்லை. அதனால் என்ன, கொண்டாங்க, வேறு குட்டி மாற்றித் தருகிறேன், நல்ல காரியத்துக்கு வாங்கியது, உங்கள் முகம் வாடக் கூடாது என்றார். சின்னராசுவுக்கு உயிர் வந்தது. குட்டிகள் எல்லாம் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், சிநேகாவுக்கு வித்தியாசமே தெரியாது. அதே கூண்டில் இருந்ததை வாங்கினால் அதற்கும் ஒரு வாரத்தில் இதே கதி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததும் அவன் காதில் விழாமல் இல்லை. ஒரு வாரம் என்றால் ஞாயிற்றுக்கிழமை தாண்டிவிடும் என்று மனசு ஒரு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கை அவன் வேண்டாவிடம் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

"இத இன்னா பண்ணுவாங்க?"

"கடக்காரன் பாத்துக்குவான்."

அவள் தன் பழைய துப்பட்டாவில் அதைச் சுற்றி, முகம் மட்டும் தெரியும்படி விட்டு, கூடையில் வைத்துக் கொடுத்தாள். கூடவே நானும் வரேன் என்றாள். இவன் வேண்டாமென்றான். தனியாகச் செய்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று தோன்றியது.

கடையில் கூண்டு பளிச்சென்று இருந்தது, பினாயில் வாசனை தூக்கியது. ஆனந்தன் இவன் கூடையிலிருந்து குட்டியைப் பிடரியில் பிடித்துத் தூக்கி, துப்பட்டாவை இவனிடமே கொடுத்துவிட்டு, கடைக்குப் பின்பக்கம் கொண்டுபோய் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டார். திரும்பி வரும்போதே கூண்டைத் திறந்து இன்னொரு குட்டியை இவன் கையில் திணித்தார். கிண்ணத்தைக் கவிழ்த்து வழுக்கி விழுந்ததே, அதுதான். உடம்பு சூடாக, வயிறு கெட்டியாக இருந்தது. வந்ததும் இவன் சட்டைப் பொத்தானைக் கடித்து இழுத்தது. வாலை ஆட்டுகிற வேகத்தில் பின்பாதி உடம்பே ஆடியது. சின்னராசுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடையில் வைத்து மேலே வலை மாதிரி ஏதாவது கட்டிவிட்டால் குதிக்காது. ஹேமந்திடம் சொன்னால் அதற்கு ஒரு வழி சொல்லுவான். எல்லாம் சரியாகிவிட்டது.

ஹெலன் கூண்டின் அடித்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூண்டில் வேறு குட்டி இல்லை.

"மத்ததெல்லாம் வித்துப்போச்சாம்மா?"

"ரெண்டு வித்துதுண்ணா," என்றாள், துடைப்பதை நிறுத்தாமல்.

ஐந்தில் ஒன்று பின்னால் பெட்டியில். ஒன்று இவன் கையில். இரண்டு விற்றது. சின்னராசு பெரிய படிப்பாளி இல்லை, ஆனால் இந்தக் கணக்குக்குப் படிப்பு வேண்டியதில்லை. மிச்சம் ஒன்று கணக்கில் இல்லை. அவள் துடைத்துக்கொண்டிருந்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

அந்த நேரத்தில் அவனுக்குள் வந்தது இரக்கம் என்று சொன்னால் அது பொய். பயம்தான் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் கண்முன் வந்து நின்றது. மண்டபம், மேளம் எல்லாம் முடிந்து, ட்ரோன் வீடியோவை ஊரெல்லாம் பார்த்து முடித்திருக்கும். மாடி வீட்டில், தானே பேர் வைத்து, தானே பால் ஊட்டி, பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்ட குட்டி வாந்தி எடுப்பதைச் சிநேகா பார்ப்பாள். தான்தான் எதையோ கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வாள். அவள் சுபாவம் அது. காலண்டர் கீழே விழுந்து கிழிந்தால்கூட நான்தான் தொட்டேன் என்று முதல் ஆளாக வந்து நிற்கிற பிள்ளை. தாய்மாமனுக்கு மாலை விழுந்தது போதும் என்று அப்போது இவன் முட்டுக்காட்டில் படகு ஓட்டிக்கொண்டிருப்பான்.

பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பிரித்தெடுத்துக் கூண்டுக்குள் விட்டான். அது விடுவேனா என்றது. பின்பக்கம் போய் அட்டைப்பெட்டிக்குள் இருந்ததை எடுத்துத் துப்பட்டாவில் சுற்றினான்.

"யோவ், அது சாவப் போற குட்டிய்யா," என்றார் ஆனந்தன்.

"தெரியும்."

பைக்கில் திரும்பும்போது வழியெல்லாம் ஆனந்தனைத் திட்டினான், ஹேமந்தைத் திட்டினான், நாத்தனார்களைத் திட்டினான். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் திட்டுவதற்கு வேறு ஆள் மிச்சமில்லை, தன்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷஃபானா இவர்களுக்காகவே கிளினிக்கைத் திறந்தார். ஆனால் ஒன்று சொன்னார். இங்கே படுக்கை வசதி கிடையாது, உதவிக்கு ஆள் இல்லை. குட்டி காலை மடக்கினால் ட்ரிப்ஸ் நின்றுவிடும், உடம்பு சில்லிட்டுப் போகாமல் பார்க்க வேண்டும், யாராவது ஒருவர் மடியில் வைத்துக் காலைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், மதியம்வரை ஆகும். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாய்மாமன் போகாமல் விசேஷமே கிடையாது. முதல் தாம்பாளம் எடுக்க வேண்டியவள் அத்தை. அவள் வராவிட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான், மனஸ்தாபம். அதை வைத்தே நாத்தனார்கள் இன்னும் பல வருஷம் ஓட்டுவார்கள். வேண்டா அதற்கென்று எடுத்த அரக்குப் பட்டுப்புடவையை அப்போதே கட்டிக்கொண்டிருந்தாள், தலையில் பூ வைத்திருந்தாள்.

"நீ இல்லாம எப்பிடி?" என்றான் சின்னராசு.

"வாங்கினு வந்தது நாமதான," என்றாள். "நீ போ."

பட்டுப்புடவையின் மடிமேல் ரிசார்ட்டிலிருந்து கொண்டுவந்த பழைய டவலை விரித்து, குட்டியை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மெயின் ரோட்டில் எல்லோரும் தயாராக நின்றார்கள். ரிப்பன் கட்டிய கூடை காலியாக இருந்தது. அதை விட்டுவிட்டால் தாம்பாளம் இரட்டைப்படையில் வருகிறது, சீர் இரட்டைப்படையில் போகக் கூடாது. யாரோ பழத்தட்டிலிருந்து ஒரு அன்னாசிப்பழத்தை எடுத்துக் கூடைக்குள் நிறுத்தினார்கள். சித்தப்பா மகன் பெண்டாட்டி அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். ட்ரோனை ஏற்றிவிட்டு ஓடிவந்த ஹேமந்த், நாய் எங்கண்ணா என்று மூன்று தடவை கேட்டான். மேளச் சத்தத்தில் காது கேட்காதவன்போல் சின்னராசு நடந்தான். போகிற வழியெல்லாம் சொந்தக்காரர்கள் அவன் காதருகே வந்து யோசனை சொன்னார்கள். ட்ரெயினரிடம் விட்டிருக்கிறது, அடுத்த வாரம் வரும் என்று சொல்லிவிடு என்றான் ஒருவன். மண்டபத்தில் ஏசி ஒத்துக்காதாம் என்று சொல் என்றான் இன்னொருவன். எல்லாமே நல்ல யோசனைகள்தான்.

வாசலில் ஆரத்தித் தட்டோடு எல்லம்மாள். பின்னால் இரண்டு நாத்தனார்களும் நின்றார்கள். பக்கத்தில் எல்லம்மாளின் கணவர் சுப்பிரமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடைக்குள் குனிந்து பார்த்தார்.

"மச்சான், நாயி அன்னாசியா மாறிடுச்சா?"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சுப்பிரமணி கெட்ட மனிதர் இல்லை, வாய் சும்மா இராது, அவ்வளவுதான். எல்லம்மாள் மட்டும் சிரிக்காமல் வரிசை முழுவதையும் கண்ணால் தேடிவிட்டு, வேண்டா எங்கே என்று கேட்டாள். ஆரத்தி சுற்றிக்கொண்டே கேட்டாள், இவன் தலையைக் குனிந்தபடியே சொன்னான். தட்டு நின்றுவிட்டது.

"என் பொண்ணு விசேசத்துக்கு வராம, நாயிக்கு ஆஸ்பத்திரில ஒக்காந்துகினு கீறாளா?"

"ஆமாக்கா."

அவள் கண் நிறைந்துவிட்டது. மஞ்சள் தண்ணீரில் விரலைத் தோய்த்து அவன் நெற்றியில் வைத்தபோது அந்த விரல் அழுத்தமாகப் பட்டது. உள்ளே போ, எல்லாரும் பாக்கறாங்க என்றாள். இதற்குப் பைக்கிலேயே வந்து பைக்கிலேயே போயிருக்கலாம் என்று சின்னராசுவுக்குத் தோன்றியது.

மேடையில் சிநேகா உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் மஞ்சள், தலை கொள்ளாத பூ, மாமன் வீட்டுப் பட்டு. தலையைத் திருப்பவே அவளால் முடியவில்லை, ஆனாலும் கண் மட்டும் இவன் கைகளுக்கும் பின்னால் வருகிறவர்களின் கைகளுக்கும் போய்ப் போய் வந்தது. இவன் மாலையை எடுத்து அவள் கழுத்தில் போட்டான். ஹேமந்த், அப்படியே நில்லுங்கண்ணா, பாப்பா மாமாவைப் பார்த்துச் சிரி என்றான். அவள் சிரிக்காமல் மெதுவாகக் கேட்டாள்.

"குல்ஃபி எங்க மாமா?"

ட்ரெயினர், ஏசி, அடுத்த வாரம் எல்லாம் வாய்வரை வந்து நின்றது. அவளுடைய கண்ணைப் பக்கத்தில் பார்த்தபோது, அந்தக் கண்ணில் பொய் போட இடமே இல்லை.

"அதுக்கு ஒடம்பு சரியில்லம்மா. ட்ரிப்ஸ் ஏறுது. பொழைக்குமான்னு தெரியல. மாமா தெரியாம நோவு குட்டியாப் பாத்து வாங்கிட்டேன். உன் மேலயும் தப்பில்ல, அது மேலயும் தப்பில்ல."

அவள் அழவில்லை. பிறகு, அது கூட யாரு கீறாங்க என்று கேட்டாள். அத்த என்றான். அவள் வளையல்கள் இறங்கி முழங்கைக்குப் போக, கையை நீட்டினாள், போனைக் கேட்டு.

வீடியோ கால் போட்டதும் திரையில் முதலில் தெரிந்தது வேண்டாவின் தோடும் கிளினிக்கின் ட்யூப்லைட்டும். பாப்பா என்றாள் வேண்டா, வேறு எதுவும் சொல்லாமல் போனைத் திருப்பினாள். அரக்குப் பட்டு, வெள்ளை டவல், டவலுக்குள் மண் நிறத்தில் ஒரு சின்ன முகம். கண் மூடியிருந்தது. பிளாஸ்திரி சுற்றிய காலை வேண்டாவின் இரண்டு விரல் பிடித்திருந்தது. சிநேகா மாலையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு போனை முகத்தருகே கொண்டுபோனாள். பாப்பா, இங்க பாரு, கேமராவைப் பாரு என்று ஹேமந்த் கத்திக்கொண்டிருந்தான். நலங்கு வைக்க வரிசையில் நின்ற பெண்கள் என்ன என்னவென்று முன்னால் வந்தார்கள். சின்ன நாத்தனார் குனிந்து பார்த்தாள். பெரியவள் அவள் தோளுக்கு மேலாக எட்டினாள். மூச்சு இருக்குதா என்று யாரோ கேட்டார்கள். பின்னாலிருந்து சுப்பிரமணி, கொஞ்சம் நவுருங்க, நானும் பாக்கறேன் என்றார். சந்தனக் கிண்ணத்தோடு மேடையேறிய எல்லம்மாள், மகளைத் திட்டத்தான் வந்தவள், கூட்டம் விலகிய இடைவெளியில் தானும் குனிந்தாள்.

"தூக்கிக் காட்டுடி," என்றாள் போனைப் பார்த்து. "வயிறு தெரியல."

வேண்டா டவலின் ஓரத்தை விலக்கினாள். எல்லம்மாளின் விரலிலிருந்து ஒரு சொட்டுச் சந்தனம் திரைமேல் விழுந்தது. சிநேகா அதைத் துடைக்கப் போனாள், செவப்பு பட்டனத் தொட்டுடாத, லைன் கட்டாயிடும் என்று நாலு பேர் தடுத்தார்கள். அவள் சுண்டுவிரல் நுனியால், பொத்தானில் படாமல், மெதுவாக வழித்தாள். வழித்த இடத்தில் அந்தச் சின்ன வயிறு தெரிந்தது. அது மேலே வந்தது. அது மறுபடி இறங்குவதற்காக மேடையில் எல்லோரும் தலையோடு தலை ஒட்டக் காத்திருந்தார்கள்.